கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் மனநல மாத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) பிறந்து வளர்ந்தவள். தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனநோய் வந்தது. அப்போது அவன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பதினொரு வருடமாக அவனோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சிங்களம் ஓடும். அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் டொக்டரிடம் பேசிக் கொடுப்பேன். அந்த வாங்கிலும், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸிலும், போனிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டொக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

அக்கா, ஊரில் இருந்தவரைக்கும் பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். கொழும்புக்குப் போனதும் ஏன் இப்படி ஆனது?

பல வீடுகளில் அழுதுகொண்டே கேட்கும் கேள்வி இது. "நாங்கள்தான் அனுப்பிக் கெடுத்துவிட்டோம்" என்று தாய்மார் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

மனச்சிதைவு (காதில் குரல் கேட்பது, இல்லாததை நம்புவது), இருதுருவக் கோளாறு (அளவுக்கு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) போன்ற பெரிய நோய்கள் பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயதிலிருந்து முப்பதுக்குள்தான் தலைகாட்டும். நம் பிள்ளைகள் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்து பஸ் ஏறும் வயதும் அதேதான். ஆகவே ஊரிலேயே இருந்திருந்தாலும் சிலருக்கு வந்திருக்கும். அதற்காகப் பயணத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், பிறந்த இடத்தை விட்டு வேறு நாட்டுக்குப் போனவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியிருக்கின்றன. நம் பிள்ளைகள் நாட்டைத் தாண்டவில்லை. ஆனால் மொழி மாறுகிறது, சொந்தம் தூரமாகிறது, கடைக்கு மேலேயே ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள், இரவு பதினொன்றுக்கு ஷட்டர் இறக்கினால் காலை ஐந்துக்கு லொறி வந்துவிடுகிறது. தூக்கம் கெடுவது இந்த நோய்களைக் கிளறிவிடும் பெரிய காரணம். தம்பியும் முதலில் ஆறு நாள் தூங்கவில்லை. அதை யாரும் நோயாகப் பார்க்கவில்லை, நல்ல உழைப்பாளி என்றார்கள்.

ஏன் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் பேருக்கு, அதாவது தோட்டத்து நாட்சம்பளத்துக்கு, ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல வருடம் போராடி, 2021இல்தான் அது வந்தது. வருவதற்குள் அரிசி விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. அனுப்பியதற்காக யாரும் குற்ற உணர்ச்சி பட வேண்டாம்.

டொக்டர் பேசவே இல்லை. இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதிவிட்டார். இது சரியா?

சரி இல்லை. ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அந்த இரண்டு நிமிடத்தையே நமக்குச் சாதகமாக்கலாம்.

2004 கடற்கோளுக்குப் பிறகு, 2005இல் அரசு ஒரு மனநலக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மனநோய் என்றால் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள்தான் கதி. அந்தக் கொள்கையின் பிறகு மாவட்டங்களில் கிளினிக்குகள் கூடின, மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகள் வந்தார்கள். நுவரெலியா, டிக்கோயா, பதுளை, பேராதனை என்று நமக்கு எட்டும் தூரத்தில் இலவசமாகப் பார்க்க முடிகிறது. இது பெரிய விஷயம், குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கூட்டத்துக்கு ஏற்ற டொக்டர்கள் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறைய டொக்டர்கள் வெளிநாடு போனார்கள். நம் பிள்ளைகள் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கினார்கள், அவர்கள் கொழும்பிலிருந்து விமானம் ஏறினார்கள். மிச்சமிருக்கும் டொக்டர் ஒருவர் காலை எட்டிலிருந்து மதியம் வரை தலை தூக்காமல் பார்க்கிறார். பேச்சுக்கு நேரம் வேண்டும், மாத்திரைக்கு ஒரு வரி போதும்.

அப்புறம் மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சி மொழி ஆகிவிட்டது. கிளினிக் மேசையில் அது இன்னும் வந்து உட்காரவில்லை. "நெஞ்சு அடைக்குது", "மண்டை காந்துது", "மனசு ஒரு நிலையில இல்ல" என்று நம் ஆட்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், "தலைவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்கள். தலைவலிக்கு மாத்திரை கிடைக்கும். காதில் குரல் கேட்பது உள்ளேயே இருக்கும்.

நான் சொல்வது இதுதான்: போகும் முன் ஒரு தாளில் நான்கே வரி எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழும்புகிறார், சாப்பாடு எப்படி, எந்தத் தேதியிலிருந்து மாற்றம், இப்போது என்னென்ன மாத்திரை. தமிழில் எழுதி, சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். டொக்டர் கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். மீதி ஒன்றரை நிமிடம் உங்களுடையது.

கவரில் மாத்திரையின் பெயரே இல்லை. கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் விட்டதற்கு எங்கள் வீடு கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

தம்பிக்கு முதலில் முடியாமல் போனபோது கடைக்காரப் பையன்கள் அவனைப் பக்கத்தில் ஒரு தனியார் டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். அங்கேயே மருந்தும் கொடுப்பார்கள். சின்ன வெள்ளைக் கவர், மேலே காலை, பகல், இரவு என்று மூன்று கோடு, இரவுக்கு நேரே ஒன்று. அவ்வளவுதான். உள்ளே ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையும் ஒரு வெள்ளை மாத்திரையும். மூன்று மாதம் சாப்பிட்டான், கொஞ்சம் தெளிந்தான், தீபாவளிக்கு ஊருக்கு வந்தான், மருந்து முடிந்தது. ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை குடித்தார்?" நான் கவரை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை. வெறும் கவர். எதை நிறுத்தியதால் இது வந்தது என்று ஊகித்துத்தான் வைத்தியம் தொடங்கினார்கள்.

டொக்டரிடம் மரியாதையாக, "டொக்டர், மருந்துப் பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தாருங்கள், ஊரில் கிளினிக்கில் காட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். சிங்களத்தில் கேட்க முடியாவிட்டால் கொப்பியைத் திறந்து நீட்டிக் கவரைக் காட்டினாலே புரியும். இதுவரை நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை பெயர்?

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சொந்தப் பெயர் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு கம்பனியும் தன் வியாபாரப் பெயரைப் போடும். டயசிபாம் என்பது சொந்தப் பெயர், வேலியம் என்பது வியாபாரப் பெயர். அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் சொந்தப் பெயரிலேயே தருவார்கள். இதற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்: பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்தைச் சொந்தப் பெயரால் வாங்கி, சொந்தப் பெயரால் எழுதினால் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்று அவர் சொன்ன வழியை உலகமே கவனித்தது. ஒசுசல பாமசிகள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவை.

நமக்கு இதில் விலையை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒருமுறை கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கும் பிள்ளை ஒன்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தலை தொங்கித் தொங்கி விழுந்தது. அவிசாவளை தாண்டி விழித்தபோது பேச்சுக் கொடுத்தேன். கைப்பையைத் திறந்து காட்டினாள். ஊர்க் கிளினிக்கில் கொடுத்த ஒரு மாத்திரைப் பட்டி, வேலை செய்யும் இடத்துப் பக்கம் ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்த இன்னொரு பட்டி. நிறம் வேறு, பெயர் வேறு. போன் வெளிச்சத்தில் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பார்த்தால் இரண்டும் குளோனசிபாம். இரண்டு டொக்டரும் அளவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பிள்ளை இரவில் இரண்டு பங்கு குடித்துவிட்டுக் காலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி விரலில் ஏறாதது தெய்வம் வைத்த புண்ணியம்.

அதனால்: பட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் ஒரே கொப்பி.

தூக்க மாத்திரை இல்லாமல் தூங்க முடியவில்லை. நிறுத்தலாமா?

திடீரென்று நிறுத்த வேண்டாம். டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம் இவை ஒரே குடும்பம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ உலகின் பொது விதி. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். பழகிய பிறகு சட்டென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு. தம்பிக்கு நடந்தது இதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளிடம் இந்த மாத்திரை வருடக்கணக்கில் நிற்கிறது. கிளினிக்குக்கு ஊரிலிருந்து யாரோ போகிறார்கள், கொப்பியைக் காட்டுகிறார்கள், போன மாதம் எழுதியதே திரும்ப எழுதப்படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நிறுத்துவதற்கு உட்கார்ந்து பேச வேண்டும், ஆளும் நேரே இருக்க வேண்டும். ஆகவே ஒரு முறையாவது நீங்களே போய், "டொக்டர், இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். மெதுவாகக் குறைத்தால் மாதங்கள் எடுக்கும், ஆனால் விடலாம்.

இதோடு சாராயமோ, கள்ளச் சாராயமான கசிப்போ சேரவே கூடாது. மூச்சு அடங்கிப் போகும்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை பத்து நாள் குடித்தும் வேலை செய்யவில்லையே?

புளூஒக்செட்டின், செர்ட்ராலின் போன்றவை இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். முதல் வாரம் வயிற்றுப் பிரட்டலும் பதற்றமும் மட்டும்தான் தெரியும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

அப்படியானால் சாகும்வரை குடிக்க வேண்டுமா?

நோயைப் பொறுத்தது. மனச்சோர்வு ஒருமுறை வந்தவர் பலர் பிறகு நிறுத்திவிடுகிறார்கள். மனச்சிதைவுக்கும் இருதுருவக் கோளாறுக்கும் நீண்ட காலம் தேவைப்படலாம். தினமும் மாத்திரை குடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு, அல்லது மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் இருக்கிறது. போடிங் வாடகை அறையில் மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இந்த ஊசி பெரிய உதவி, கேட்டுப் பாருங்கள்.

குளிர்ப் பக்கத்தில் ஒத்துப்போன மருந்து கொழும்பில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

இதை ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதும் இல்லை. நான்தான் எல்லாரிடமும் வலியச் சொல்கிறேன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அங்கே கம்பளி போர்த்திக்கொண்டு குடித்த மருந்தைக் கொழும்பு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்த்து ஒழுகிக்கொண்டு குடிக்கிறார்கள். இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் குடிப்பவருக்கு இது நேரடி ஆபத்து. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போனால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் அப்படியே. கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, வாந்தி எடுப்பது இவை கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டை தூக்கி முதுகு வலிக்கிறது என்று பாமசியில் டைக்ளோபெனாக், இபுபுரோபென் வாங்கிக் குடிப்பதும் லித்தியத்தை ஏற்றிவிடும். பரசிட்டமோல் பரவாயில்லை. ஊர் மாறினால் இரத்தச் சோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மனச்சிதைவுக்குக் குளோர்ப்ரோமசின் குடிப்பவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் எரியும். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் வியர்வையைக் குறைப்பதால் உடம்பு சூடு இறங்காது. தண்ணீர் போத்தல் கையிலேயே இருக்கட்டும்.

கை நடுங்குகிறது, எச்சில் வடிகிறது, உடம்பு பெருக்கிறது. வேலை போய்விடுமோ?

தம்பி அப்போது தேநீர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோவான். அப்படியும் சட்டையில் சிந்தும். கடையில் பையன்கள் சிரித்தார்கள் என்று அவனாகவே மருந்தை நிறுத்தினான். நோய் திரும்பியது. மருந்தின் அளவைக் குறைத்து, ஒன்றை மாற்றிய பிறகு நடுக்கம் போனது. இரண்டு வருடம் வீணாகப் போனது, முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளில், ஹலோபெரிடோல் போன்றவை விறைப்பும் நடுக்கமும் தரும். ஒலான்சபின் பசியையும் எடையையும் இரத்தத்தில் சீனியையும் ஏற்றும். ரிஸ்பெரிடோனால் மாதவிடாய் நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு இதைச் சொல்வதே இல்லை. இரவு மாத்திரையைச் சற்று முன்னதாகக் குடித்தால் காலை மயக்கம் குறையுமா என்றும் கேட்கலாம். இரவு ஷிப்ட் மாறுகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். டொக்டர் நீங்கள் இரவில் தூங்குகிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்.

கல்யாணம் பேசுகிறோம். மருந்தோடு பிள்ளை பெறலாமா?

பெறலாம், ஆனால் முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். இருதுருவக் கோளாறுக்கோ வலிப்புக்கோ சோடியம் வல்புரோயேட் குடிக்கும் பெண்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்: கர்ப்ப காலத்தில் அதைக் குடித்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு உடல் குறைபாடு வருகிறது, அதைவிடக் கூடுதலான குழந்தைகளுக்கு வளர்ச்சியில் பிரச்சினை வருகிறது. அதே நோய்களுக்குக் கொடுக்கும் கார்பமசெபின் கர்ப்பத்தடை மாத்திரையைப் பலவீனப்படுத்தும். இதைச் சொல்லாமலேயே பல இளம் பெண்களுக்கு எழுதப்படுவதை நான் கொப்பிகளில் பார்த்திருக்கிறேன். பயந்து தானாக நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே போய்க் கேளுங்கள்.

அம்மா கொப்பியைக் கொண்டுபோய் வாங்கி அனுப்புவது போதாதா? கிளினிக்கைக் கொழும்புக்கு மாற்ற முடியாதா?

ஒன்றிரண்டு தடவை சரி. வருடக்கணக்கில் ஆளைப் பார்க்காமல் எழுதும் மருந்து, ஆளுக்கு எழுதும் மருந்து இல்லை. அம்மாவுக்கும் அன்றைக்கு ஒரு பேர் போகிறது.

மாற்றலாம். ஊர்க் கிளினிக்கில், நோயின் பெயர், மருந்து, அளவு, கடைசி இரத்தச் சோதனை எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகமை, வலயத்தில் இருப்பவர்களுக்கு நீர்கொழும்பு, இங்கெல்லாம் அரசு மனநலக் கிளினிக் இருக்கிறது. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுத்துக் கடிதத்தைக் காட்டினால் போதும். கிளினிக் கிழமை நாளில்தான் நடக்கும், அதுதான் கஷ்டம். லீவு கேட்க "கிளினிக்" என்றால் போதும், என்ன கிளினிக் என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கோடாங்கி பார்த்து நூல் கட்டினோம். அது பிழையா?

பிழை என்று சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவும் கட்டினார். நூலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். "மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும்" என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா?

அந்தப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். இப்போது அது தேசிய மனநல நிறுவகம். பெரும்பாலானவர்கள் அங்கே போகாமலே, மாதம் ஒருமுறை ஊர்க் கிளினிக்குக்குப் போய்ச் சுகமாக இருக்கிறார்கள். போனவர்களும் திரும்பி வருகிறார்கள்.

இரவில் ஒருவர் சாக வேண்டும் என்று பேசுகிறார். என்ன செய்வது?

தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் மருந்துப் போத்தல்களையும் எடுத்து மாற்றி வையுங்கள். 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். எதையாவது விழுங்கிவிட்டால் 1990, அம்புலன்ஸ் இலவசம், கவரையும் பட்டியையும் கூடவே கொண்டுபோங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். கிளினிக் நாள் நடுவில் வருகிறது. என்ன செய்ய?

முந்திய கிளினிக்கிலேயே சொல்லுங்கள், பல இடங்களில் இரண்டு கிழமைக்குக் கூடுதலாகத் தருவார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்தால் கொழும்பிலேயே ஒசுசலவில் வாங்கிவிடுங்கள், தோட்டப் பக்கத்துப் பாமசியில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பெரிய பை பஸ்ஸின் பின்பெட்டிக்குப் போகும். மாத்திரை உங்கள் மடியில் இருக்கும் பையில் வரட்டும்.